பாவாடையும் குண்டிக்காயும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அயர்லாந்து சோடா ரொட்டியைப் பற்றி எழுதும்போது, அந்த நாட்டின் கார்க் நகரத்தில் குடியிருந்த காலத்தில் கற்றுக்கொண்ட 'ஸ்கர்ட்ஸ் அண்ட் கிட்னீஸ்' என்ற பன்றிக்கறிக் குழம்பை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். ரொட்டியைப் பற்றி வந்த கடிதங்கள் இரண்டு. மீதி எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். பன்றி சாப்பிடாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம், ஆட்டுக்கறிக்கான வழியும் உள்ளே இருக்கிறது.

அக்கா, நான் கார்க்கில் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கிலீஷ் மார்க்கெட்டில் ஒரு கறிக்கடைப் பலகையில் 'ஸ்கர்ட்ஸ் அண்ட் கிட்னீஸ்' என்று எழுதியிருந்தது. கிட்னி புரிகிறது. பாவாடை எதற்கு? கேட்கக் கூச்சமாக இருந்ததால் வந்துவிட்டேன்.
ஒரு மாணவி, கார்க்

கேட்டிருக்கலாம் அம்மா, அந்த மார்க்கெட் கறிக்கடைக்காரர்களுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் உங்களுக்குச் சமைக்கவே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் இருக்கிறதே, அந்தத் தசையைத்தான் அங்கே ஸ்கர்ட் என்கிறார்கள். பன்றியை இரண்டாகப் பிளந்து தொங்கவிட்டால் அது உள்பக்கமாக மடிப்பு மடிப்பாகத் தொங்கும், பாவாடை ஓரம் மாதிரி. மூச்சுக்கு மூச்சு வேலை செய்த தசை என்பதால் நார் நாராக, சவ்வும் கொஞ்சம் கொழுப்புமாக இருக்கும். சுவை அதிகம், பல்லுக்கு வேலையும் அதிகம். வறுத்தால் செருப்புத் தோல். மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரம் விட்டால் கரண்டியால் அழுத்தினாலே பிரிந்துவிடும்.

அதே கடையில் 'பாடிஸ்', அதாவது ரவிக்கை, என்று இன்னொரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது உப்பில் ஊறிய பன்றி விலா எலும்பு. ஆக, கார்க்கில் பாவாடை, ரவிக்கை இரண்டையும் எடை போட்டு வாங்கலாம். யார் இந்தப் பெயர்களை வைத்தார்களோ, நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

செய்முறையை அளவோடு சொல்லுங்கள். 'தேவையான அளவு' என்று எழுதினால் கோபம் வரும்.
ஒரு வாசகர், திருச்சி

கோபம் வேண்டாம். நான்கு பேருக்கான அளவு இது: ஸ்கர்ட் முக்கால் கிலோ, பன்றிக் கிட்னி இரண்டு, பெரிய வெங்காயம் மூன்று, தண்ணீர் ஒரு லிட்டர், மைதா ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த தைம் இலை அரைத் தேக்கரண்டி, உப்பு, வெள்ளை மிளகுத்தூள். உருளைக்கிழங்கு ஒரு கிலோ, அது தனிப் பாத்திரத்தில். அவ்வளவுதான். பட்டியலைப் பார்த்துவிட்டு ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், விட்டுப்போகவில்லை.

ஸ்கர்ட்டின் மேல் வெள்ளையாகக் கெட்டிச் சவ்வு ஒட்டியிருந்தால் அதை மட்டும் உரித்துவிட்டு, கத்தரிக்கோலால் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கத்தி வழுக்கும், கத்தரிக்கோல்தான் சரி. துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால் கொதி வரும்போது சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதைப் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சோம்பினால் குழம்பு கலங்கிப்போய் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பிறகு என்ன செய்தாலும் தெளியாது. நுரை நின்றதும் வெங்காயத்தைத் தடிமனாக நறுக்கிப் போட்டு, தைம் போட்டு, தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடுங்கள். கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சுத்தம் செய்த கிட்னித் துண்டுகளைப் போடுங்கள். கார்க்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிடுவார். நான் பிறகு போடுகிறேன், எனக்கு அப்படிச் செய்தால் கிட்னி கொஞ்சம் மிருதுவாக வருகிறது, குழம்பிலும் அதன் வாடை தூக்கலாக ஏறுவதில்லை. பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுபடி முக்கால் மணி நேரம். உப்பும் வெள்ளை மிளகும் கடைசியில்தான். மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் கிளறினால், ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒரு பதம் வரும். அதோடு இறக்கிவிடலாம். பார்ஸ்லி இருந்தால் மேலே தூவுங்கள். பார்க்கச் சாம்பல் கலந்த பழுப்பாக, படம் எடுக்கவே தோன்றாத நிறத்தில் இருக்கும். அதுதான் சரியான நிறம்.

நீங்கள் எழுதியதைப் படித்து ஆர்வத்தில் கிட்னி வாங்கி வந்து சமைத்தேன். வீடு முழுக்கக் கழிப்பறை வாடை. மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. எங்கே தப்பு?
ஒரு வாசகி, பெங்களூரு

நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானும் முதல் முறை அதையேதான் செய்தேன். டிசம்பர் மாதம், ஜன்னலைத் திறந்தால் உறைந்துபோகிற குளிர், திறக்காவிட்டால் வாடையில் உட்கார முடியாது, கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்பதுகூட மிகை.

கிட்னி சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு, அந்த வெள்ளைப் பகுதி சிறுநீர் சேர்ந்து வெளியேறுகிற வழி. வாடை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மேலே கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் தோலை முதலில் உரித்துவிட்டு, கிட்னியைப் பலகையில் படுக்கவைத்து, புத்தகத்தைத் திறப்பது போலப் பக்கவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நடுவில் வெள்ளையாகக் கிளை விரித்தபடி ஒரு பகுதி தெரியும். சின்னக் கத்தரிக்கோலை வைத்து அதை ஒரு துளி விடாமல் வெட்டி எடுங்கள். சிவப்புச் சதை கொஞ்சம் சேர்ந்து போனாலும் பரவாயில்லை, கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இது இல்லை. அப்புறம் துண்டு போட்டு, உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம், தண்ணீரை மாற்றி இன்னொரு அரை மணி நேரம். சிலர் பாலில் ஊறவைப்பார்கள், சிலர் ஒரு கரண்டி வினிகர் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால் கத்தரிக்கோல் வேலை சரியாக நடந்திருந்தால் உப்புத் தண்ணீரே போதும், நடக்கவில்லை என்றால் ஒரு குடம் பாலும் உதவாது.

இன்னொன்று, வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள். நல்ல கிட்னி பளபளப்பாக, விரலால் அழுத்தினால் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும், 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஃபிரிட்ஜில் தள்ளினால் மாமியார் ஒரு வாரம் பேசமாட்டார்.

இஞ்சி பூண்டு இல்லை, மஞ்சள் இல்லை, ஒரு மிளகாய்கூட இல்லை. இது நோயாளிச் சாப்பாடா?
ஒரு வாசகர், மதுரை

முதல் முறை இப்படியே செய்து பாருங்கள். இரண்டாவது முறை உங்கள் அடுப்பு, உங்கள் இஷ்டம்.

வெள்ளை மிளகை மட்டும் தாராளமாகவே போடலாம், கார்க் வீடுகளில் அதில் கை தாராளம்தான்.

ஒரு ஊரே கிட்னியையும் குடலையும் இரத்தத்தையும் தன் பெருமையாகச் சொல்கிறது என்றால் அதற்கு ஏதாவது கதை இருக்க வேண்டுமே?
ஒரு வாசகர், புதுச்சேரி

இருக்கிறது, நல்ல கதை. 1663லும் 1667லும் இங்கிலாந்து இரண்டு சட்டங்களைப் போட்டது. அயர்லாந்து மாடுகள் உயிரோடு இங்கே வந்து இறங்கினால் எங்கள் பண்ணைக்காரர்களுக்கு விலை கிடைக்காது, வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். மாட்டை அனுப்ப முடியாது என்றதும் அயர்லாந்துக்காரர்கள் அதை வெட்டி, உப்புப் போட்டு, பீப்பாயில் அடைத்து வேறு ஊர்களுக்குக் கப்பல் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆழமான துறைமுகம் இருந்ததால் அந்த வியாபாரம் கார்க்கில் வந்து குவிந்தது. 18ஆம் நூற்றாண்டு முழுக்க பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் உப்புக்கறியும் வெண்ணெயும் போனது இங்கிருந்துதான். வெண்ணெய்க்கென்றே 1770இல் ஷாண்டன் பகுதியில் ஒரு சந்தை அமைப்பு வந்தது, வெண்ணெயைத் தரம் பிரித்து முத்திரை குத்தி அனுப்ப.

இப்போது யோசித்துப் பாருங்கள். பீப்பாயில் போகிற கறி நாள்கணக்கில் கடலில் கிடந்தாலும் கெடாது. குடல், கிட்னி, ஈரல், இரத்தம், காலெல்லாம்? கப்பலுக்கு ஆகாது, மறுநாளே வாடை வந்துவிடும். நல்ல கறி முழுக்கத் துறைமுகத்தை நோக்கி வண்டியில் போக, மிச்சம் எல்லாம் குறைந்த விலைக்கு ஊருக்குள்ளேயே தங்கியது. வெட்டுகிற தொழிலாளி வீட்டில் வெந்தது அதுதான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் பன்றி முக்கியமானது. கார்க், லிமெரிக், வாட்டர்ஃபோர்டு என்று தெற்கில் பேக்கன் என்கிற உப்புப் போட்ட பன்றிக்கறி ஆலைகள் வந்தன, பேக்கன் வெளியூருக்குப் போனது, ஸ்கர்ட்டும் கிட்னியும் காலும் பக்கத்துத் தெருவுக்கு வந்தன. பன்றிக்காலுக்கு அங்கே 'க்ரூபீன்' என்று பெயர், ஐரிஷ் மொழியில் குளம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

கிராமத்துக் கதை கொஞ்சம் வேறு. அங்கே வீட்டுக்கு ஒரு பன்றி. அதற்கு 'வாடகை கட்டுகிற பெரிய மனுஷர்' என்றே பட்டப்பெயர், அதை விற்றுத்தான் நிலச்சொந்தக்காரருக்கு வாடகை கட்டுவார்கள் என்பதால். வீட்டுக்கே வெட்டுவதாக இருந்தால் ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வருகிற மாதத்தில்தான் வெட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம். தமிழில் எழுதிப் பார்த்தாலும் அது சரியாக வருவது வேடிக்கை: செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லாவற்றிலும் ஒரு 'ர' இருக்கும், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நான்கிலும் இருக்காது. வெயில் மாதத்தில் உப்பு பிடிப்பதற்குள் கறி கெட்டுவிடும், அவ்வளவுதான் விஷயம். வெட்டிய அன்று உப்புப் போட முடியாத பாகங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும், அவர்கள் வெட்டும்போது திரும்பி வரும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்து ஃபிரிட்ஜ்.

மாணவி கேட்ட இங்கிலீஷ் மார்க்கெட் 1788இல் திறந்தது. அயர்லாந்து நடுவில் அந்தப் பெயர் எப்படி என்றால், அதைக் கட்டிய நகராட்சி அப்போது ஆங்கிலேயச் சார்புள்ள புராட்டஸ்டண்ட்காரர்கள் கையில் இருந்தது. பின்னால் பக்கத்தில் ஏழை ஜனங்களுக்கு வந்த சந்தையை ஐரிஷ் மார்க்கெட் என்றார்கள். ஐரிஷ் மார்க்கெட் போய்விட்டது, இங்கிலீஷ் மார்க்கெட் இருக்கிறது. அதற்குள் இன்றும் குடலும் இரத்தமும் காலும் விற்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எங்கள் வீட்டில் பன்றி கிடையாது. ஆட்டில் செய்தால் அந்த ருசி வருமா?
ஒரு வாசகி, காயல்பட்டினம்

அந்த ருசி வராது, வேறொரு நல்ல ருசி வரும். ஆட்டுக் கிட்னி, உங்கள் பக்கம் குண்டிக்காய் என்பீர்களே, அது பன்றியுடையதைவிடச் சின்னது, வாடையும் குறைவு. நான்கு பேருக்கு ஆறு வாங்குங்கள். ஊறவைப்பது பத்து நிமிடம் போதும், ஆனால் நடுவில் இருக்கும் வெள்ளையை எடுப்பதை மட்டும் விடாதீர்கள். ஸ்கர்ட்டுக்குப் பதிலாக, நெஞ்செலும்புக்குக் கீழே சவ்வும் கறியுமாக வருமே, அதைக் கேளுங்கள். கடைக்காரர் புரியாமல் பார்த்தால் மூச்சை இழுத்துக் காட்டி விலாவுக்குக் கீழே கை வையுங்கள், புரிந்துவிடும். ஒரு ஆட்டில் ஒரு கைப்பிடிதான் தேறும் என்பதால் மீதிக்குக் கழுத்துக்கறி போட்டுக்கொள்ளலாம். ஆட்டுக் கிட்னி சீக்கிரம் வேகும், கடைசி இருபது நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

ஐரிஷ் ஸ்டூ என்று ஹோட்டல்களில் கொடுப்பது இதுதானா?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. அது செம்மறியாட்டுக் கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு. கேரட் போடலாமா கூடாதா என்று அங்கே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. டப்ளினில் 'காடில்' என்று இன்னொன்று உண்டு, சாசேஜையும் பேக்கனையும் வறுக்காமலே வெங்காயம் உருளைக்கிழங்கோடு வேகவைப்பது, வெளிறிப்போன சாசேஜ் தண்ணீரில் மிதக்கும், முதல் முறை பார்ப்பவர்களுக்கு மனசு வராது. கின்னஸ் பீர் ஊற்றிச் செய்கிற மாட்டுக்கறி ஸ்டூ வேறு. நம் குழம்பு கார்க்குக்கே உரியது, டப்ளின்காரர்களிலேயே பலர் 'ஸ்கர்ட்ஸா?' என்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கார்க் ஊர்க்காரர்கள் ரசிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உருளைக்கிழங்கைக் குழம்பிலேயே போட்டால் ஒரு பாத்திரம் மிச்சமாகுமே?
ஒரு வாசகி, சேலம்

போடலாம், அப்படிச் செய்கிற வீடுகளும் உண்டு, அப்போது மைதா தேவையில்லை. ஆனால் தனியாக வைத்தால் ஒரு சுகம் இருக்கிறது. கெர்ஸ் பிங்க், ரூஸ்டர், கோல்டன் வொண்டர் மாதிரி மாவுத்தன்மை உள்ள கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பாத்திரத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் விடுவார்கள். தோல் வெடித்து உள்ளே வெள்ளை வெளேரென்று உதிரும். 'மாவு உருண்டை' என்று அதைப் பாராட்டுவார்கள், நாம் இட்லியைப் 'பூ மாதிரி' என்று சொல்வது போல. தட்டில் தோலை உரித்துப்போட்டு, ஒரு துண்டு வெண்ணெய் வைத்து, மேலே குழம்பை ஊற்றி மசித்துச் சாப்பிட வேண்டும். நம் ஊர்க் கிழங்கில் பல மெழுகு மாதிரி இருக்கும், உதிராது. அதற்கு நான் வெட்கமில்லாமல் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு யூரிக் அமிலம் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் சாப்பிட்டால் என்ன?
ஒரு வாசகர், சென்னை

கால் கட்டைவிரல் வலித்துப் பதில் சொல்லும். கிட்னியில் பியூரின் அதிகம், அது உடம்பில் யூரிக் அமிலமாகத்தான் மாறும், உங்களுக்கு வேண்டாம். கொலஸ்ட்ரால் பார்ப்பவர்களும் யோசிக்க வேண்டும், பன்றிக் கிட்னி 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மற்றவர்களுக்கு இரும்புச்சத்தும் பி12ம் நிறைய உள்ள சாப்பாடு.

சாக்கோடு சாக்காக எல்லோருக்கும் ஒன்று: ஸ்கர்ட்டை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். டிரிக்கினெல்லா என்ற புழு பன்றியைத் தொற்றினால் விரும்பித் தங்குகிற இடங்களில் உதரவிதானமும் ஒன்று, ஐரோப்பாவில் பன்றிக்கறியைப் பரிசோதிக்க மாதிரி எடுப்பதே அங்கிருந்துதான். அங்கே அந்தச் சோதனைக்கு ஏற்பாடு இருக்கிறது. சோதனை நடக்காத ஊரில் வாங்கினால், ஒன்றரை மணி நேரம் வேகட்டும் என்று நான் சொன்னதில் ஒரு நிமிடமும் குறைக்க வேண்டாம்.

குக்கரில் வைக்கலாமா?
ஒரு வாசகி, ஈரோடு

ஸ்கர்ட்டை வைக்கலாம், நான்கு விசில். கிட்னிக்கு விசில் விட்டால் ரப்பர். மூடியைத் திறந்த பிறகு போட்டுச் சின்னத் தீயில் வேகவிடுங்கள்.

இந்தக் கார்க் ஊர்க்காரர்கள் இரத்தத்தில் செய்கிற ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், நாகர்கோவில்

ட்ரிஷீனைச் சொல்கிறீர்கள். மாடு, செம்மறியாட்டு இரத்தத்தைக் குடலில் அடைத்து வேகவைப்பது. அதைத் துண்டு போட்டு, நாம் போட்டி என்கிற இரைப்பையோடு, பாலும் வெங்காயமும் சேர்த்து ஒரு வெள்ளைக் குழம்பில் தருவார்கள். பக்கத்து லிமெரிக்கில் 'பாக்கெட்' என்று அதற்கு ஒரு தம்பி உண்டு.

சாப்பிட்டேன். ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே, இதென்ன என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். நம் பொரியல் உதிர் உதிராக, வெங்காயம் மிளகாயோடு வாசனையாக இருக்கும். இது வழவழவென்று, கெட்டித் தயிரைத் துண்டு போட்ட மாதிரி, உப்பும் பாலும் தவிர வேறு வாசனையே இல்லாமல் இருந்தது. பாதித் தட்டை முடித்தேன். பாட்டி எதுவும் கேட்காமல் மீதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, எனக்கு ஸ்கர்ட்ஸ் குழம்பை ஊற்றினார்.